வட்டப்பேர்

கருங்கல் சந்தைக்கு எதிரே மாடியில் என் கடை.
பனியன்களில் பேர் அடித்துக் கொடுக்கிறேன்.
ஈஸ்டர் கழிந்தால் டோர்ணமெண்ட் காலம்,
மெஷின் சூடு ஆறுவதில்லை.

பையன்கள் கேட்பதெல்லாம்
சுறா, புலி, கழுகு, இடி.
கேட்டதை அடித்துக் கொடுப்பேன்.
கோட்டுக்கு வெளியே நிற்கிற சனமோ
பனியனை வாசிப்பதில்லை.
முதுகில் புலியோடு ஓடுகிறவனை
"லேய் பிந்தி, பந்தை விடுலே" என்றுதான் கத்தும்.
பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டு
பாதி ஆட்டம் போனபின் வந்திறங்கியவர்கள் அவர்கள்.
ஒரே ஒரு தடவை.

இன்னொரு கரைக்கு ஓட்டைவலை என்று பேர்.
ஒன்பது கோல் வாங்கிய கிளிட்டஸ்
இப்போது கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான்.
அவனுக்குப் பின் நின்ற நாலு கோலிகளும்
கை பசை போட்டதுபோல் பிடிப்பார்கள்.
பேரை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை.

களவாணி டீமின் கதையைக் கேட்டால்
அடிபிடியில் முடியும்.
பக்கத்துத் துறையின் பார்வேர்டை
ராத்திரியோடு ராத்திரியாக வள்ளத்தில் ஏற்றினார்களாம்.
"அவன் பெண்ணு கெட்டி வந்தவன் அக்கா,
களவாண்டது அவளாக்கும்."

போன மாசம் ததேயுஸ் வந்தான், கப்பலில் பிட்டர்.
நீலத் தொப்பி ஒன்றை மேசைமேல் வைத்து
இந்த எழுத்து மாதிரி அடிக்க முடியுமா என்றான்.
அது பேஸ்பால் டீமின் தொப்பியாம்.
கிட்டிப்புள்ளுக்குப் பணக்காரச் சொந்தம்
என்று நான் புரிந்துகொண்டேன்.
டாட்ஜர்ஸ் என்றால் விலகித் தப்புகிறவர்கள்.
புரூக்ளினில் குறுக்கும் நெடுக்கும் டிராம் ஓடியதாம்,
தெருவைக் கடக்கத் துள்ளிய சனத்துக்கு விழுந்த கேலி
அங்கே ஆடிய டீமில் ஒட்டிக்கொண்டதாம்.
அப்புறம் டீம் தேசத்தின் அடுத்த கரைக்கே குடிபோனது.
பேரும் கூடவே போனது.

"டிராமை விட்டுட்டு வந்தவனுக்கு
துள்ளுற பேரு எதுக்குப்பா?"
ததேயுஸ் என்னைப் பார்த்தான்.
"எங்க டீமுக்கு வருசாவருசம் என்ன அடிக்கீங்க?"

ஒத்தத்தெங்கு.

ஒரு பக்கம் தெங்கு, மறுபக்கம் நட்ட துடுப்பு:
அதுதான் அவர்கள் கோல்போஸ்ட்.
துடுப்புக்காரன் தொழிலுக்குப் போகையில்
கோல் அகலமாகிவிடும்.
ஒரு ஆடிமாதம் கடல் தெங்கை எடுத்தது,
அடுத்த ஆடியில் பெனால்டி இடத்தை,
பிறகு நடுக்கோட்டை.
இப்போது ரோட்டுக்கு மேற்கே
சுனாமி குடியிருப்பின் சிமெண்ட் தரையில் ஆட்டம்.
இரும்புப் போஸ்ட், வலைகூட உண்டு.
முட்டி உரிந்து எழும்பும்போதும்
வெளியே ஒரே சத்தம்: ஒத்தத்தெங்கே, எழும்புலே.

தொப்பி எழுத்தில் அதையே அடித்துக் கொடுத்தேன்.
எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டதில்
யாராலும் வாசிக்க முடியவில்லை.
பரவாயில்லை என்று வாங்கிப்போனான்.

ஊரார் வைத்த பேர்களுக்கு நான் பொறுப்பில்லை.
ஒன்றுக்கு மட்டும் உண்டு.

சகாயமாதா ஸ்டார்ஸ் என்று எழுதித்தந்தார்கள்.
இளையவனுக்குக் காய்ச்சல், நான் உறங்காத ராத்திரி.
விடிந்து பார்த்தால் பதினைந்து பனியனிலும்
சகாயமாதா ஸ்டோர்ஸ்.
மாற்ற நேரமில்லை, பாதிக் காசுக்கு எடுத்துப்போனார்கள்.
"அரைக்கிலோ சீனி தாலேய்" என்று
மைதானம் முழுக்கச் சிரிப்பு.
அன்றைக்குப் பார்த்துக் கப் அடித்தார்கள்.

இந்த வருசம் சொல்லாமலே திருத்தி அடித்தேன்.
ஒன்பது வருசத்துக் கடன், காசு வேண்டாம் என்றேன்.
கேப்டன் பிரிஜின் ஒரு பனியனை விரித்துப் பார்த்தான்,
மடித்தான், திருப்பி வைத்தான்.
"எழுத்து தப்பா இருக்கு அக்கா."

பழைய பைலைத் திறந்தேன்.
இந்தத் தடவை முழுக்காசு வாங்கினேன்.