உப்பு குறைந்தால் உப்பும்

பாலத்து ஓட்டம் நடந்த ஞாயிறு.
காலை ஏழு நாற்பதுக்கு
மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று என் மேசைக்கு வந்தது.
லோகேஸ்வரி, வயது இருபத்தொன்பது.
மற்றதை வண்டி தள்ளும் மீரான் சொன்னார்:
"நெஞ்சில நம்பர் குத்தினபடியே படுத்திருக்கு.
பேரைக் கேட்டா சிரிக்குது."

சோடியம் நூற்றுப் பதினேழு.
நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன்.
நூற்றுப் பதினேழு.
வார்டுக்குப் போன் போட்டேன்.
டாக்டர் ஊய் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று கோப்பையாம்.
தாகம் எடுக்குமுன் குடி என்று யாரோ சொன்னதை
நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்
ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள்.

பயிற்சிக் காலத்தில்
வடிநீரில் ஒரு சொட்டு இரத்தம் விட்டோம்.
கலங்கல் போய்த் தெளிந்தது.
அழகாக இருந்தது,
கல்யாண வீட்டு சிராப் தண்ணி போல.
பிறகுதான் லென்ஸ் வழியே பார்த்தோம்:
ஒரு வட்டம்கூட மிச்சமில்லை.
குடித்துக் குடித்து எல்லாம் வெடித்திருந்தன.
கெட்டி உப்பு நீரில் விட்டவையோ
சுருங்கி, ஓரமெல்லாம் முள் முளைத்து
யாரோடும் பேசாதவை போல் கிடந்தன.

கங்கோங் தண்டைக் கீறி
ஐஸ் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்,
தானே சுருண்டுகொள்ளும்.
அதற்கும் இதே தாகம்தான்.
ஆனால் அறைக்கு அறை சுவர் வைத்துப் பிறந்தது அது.
போதும் என்று சுவர் சொல்லும்.
விறைத்து நிற்கும்,
சந்தையில் அதைத்தான் நாம் 'பச்சென்று இருக்கு' என்கிறோம்.

நமக்குச் சுவர் இல்லை.
சோப்புக் குமிழிக்கு அண்ணன் முறையில்
ஒரு சவ்வு, அவ்வளவே.
மூளைக்கு மட்டும் எலும்பில் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது,
வெளியிலிருந்து வரும் அடிக்காக.
உள்ளே இருப்பது பெருத்தால்
அந்த வீடே நெரிக்கும்.

உப்பு குறைந்தால் உப்பும்.
பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.
ரிசீவரைப் பிடித்துக்கொண்டு
டாக்டர் பதிலுக்காக நின்றபோது
வாயில் வந்து விழுந்தது.

மூன்று சத உப்பு நீர், நூறு மில்லி, பத்து நிமிடம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதென்றால்
இந்தப் பெண் இனி ஊய் என்ற பெயரை நினைக்க வேண்டும்.
அப்புறம் மெதுவாக.
மெதுவாகத்தான்.
புகுந்த நீரை ஒரே நாளில் விரட்டினால்
வீக்கத்தைவிட அது பொல்லாதது.

பத்தரைக்கு நூற்றிருபது.
டப்பாவைத் திறந்தேன்,
சௌராஸ்தாவில் வாங்கிய சாதிக்காய் ஜெருக்.
கடித்தால் நொறுங்காமல் வளைகிறது.
சுவரெல்லாம் அப்படியே நிற்க,
குடியிருந்தது மட்டும்
வாடகை பாக்கிக்காரன் போல
நடு அறையில் ஒடுங்கியிருக்கும் உள்ளே.
நான் இரண்டு துண்டு தின்றேன்.
மூன்றாவதை மீரானிடம் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு நூற்றிருபத்துமூன்று.
அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.
கையெழுத்து மாறாத மூன்று குழாய்கள்,
எனக்குத் தெரிந்த லோகேஸ்வரி அவ்வளவுதான்.

வேலை முடிந்து கையுறையைக் கழற்றுகையில்
மீரான் எட்டிப் பார்த்தார்:
"முழிச்சிருச்சு. பேரு சொல்லிச்சு."
வேறென்ன கேட்டாள்?

"தண்ணி."