ஊர் மீன், வரத்து மீன்

லொஃபோட்டனில் மூன்றரைக்கே இருட்டு.
சிக்பியோர்ன் மேசையில் கொட்டிய காட் மீன்கள்
எல்லாம் ஒரே அச்சு.
ஒவ்வொன்றின் துடுப்பிலும் அரிசி அளவு
நறுக்கிக் குப்பியில் போடுகிறேன்.

சில, பாரன்ட்ஸ் கடலிலிருந்து
முட்டையிட வந்த வரத்து.
சில, இந்த ஃபியோர்டின் வாய் தாண்டாதவை.
பங்காளிகள்.
எப்போதோ பாகம் பிரிந்த பத்திரத்தை
உயிரணுவுக்குள் சுருட்டி வைத்திருக்கின்றன.
கண்ணுக்கு எட்டாது.

ஊர் மீன் கூடுதலென்றால்
விரிகுடாவில் வலைக்குத் தடை.
“நல்லதாகச் சொல்லு” என்றார் சிக்பியோர்ன்,
என்னிடமல்ல, குப்பியிடம்.

செவ்வாயன்று முடிவு வந்தது:
பத்தொன்பதாம் எண், ஊர் மீன்.
ஞாயிறே அதன் ஈரலை
அவர் வீட்டில் உருளைக்கிழங்கோடு தின்றாயிற்று.
ருசியில் ஒன்றும் தெரியவில்லை.
நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன்.