ஐம்பது மில்லிமீட்டர்

பாலத்தில் தொடங்கி
பிஸ்ட்சிட்சா ஆற்றை ஒரு சுற்றுச் சுற்றி
அதே பாலத்தில் வந்து நின்றோம்.
ஏறியதையும் இறங்கியதையும் கூட்டிக் கழித்தால்
சுழி வரவேண்டும்.
புறப்பட்ட கல் புறப்பட்ட உயரத்தில்தானே இருக்கும்?
எங்கள் கல்
ஐம்பது மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது.

"லுப்ளின் நகரம் மதியத்துக்குள் வளர்ந்துவிட்டது,
மேயருக்குச் சொல்லியனுப்புங்கள்"
என்றார் பேராசிரியர் ஸ்கோவ்ரோன்.
திங்கட்கிழமைக்குள் பிழை கிடைக்கவேண்டும்.
மறுபடி அளக்கலாமென்றால் கருவி இல்லை,
அடுத்த குழு தூக்கிப்போய்விட்டது.

நில அளவை, இரண்டாம் பருவம்.
கோல் பிடித்தவன் ஓல்கியெர்ட்.
ஒரு கையில் கோல், மறுகையில் சிகரெட்,
கோல் ஆடவே இல்லையென்று சத்தியம் செய்கிறான்.
தொலைநோக்கியில் கெலாவ்தேவோஸ்,
எத்தியோப்பியாவில் கொண்டார் அவன் ஊர்.
குறிப்பேட்டில் நான்.

என் பெயர் மெய்யெழுத்துகளின் முட்டல்:
ம்ஷ்ச்சிவுய்.
அவன் முன்னால் ஓர் இகரம் வைத்து
நடுவில் இன்னொன்று செருகி
என் வம்சத்தில் யாரும் மூச்சுவிடாத இடத்திலெல்லாம்
மூச்சுவிட்டுக் கூப்பிடுகிறான்.
அவன் பெயரை நான் பாதியிலேயே இறக்கிவிடுவேன்.
கெலா என்பேன். திரும்புவான்.
கணக்கு அத்தோடு நேர் என்று நினைத்திருந்தேன்.

சனி இரவு, விடுதிச் சமையலறை.
வெங்காயமும் கசகசாவும் அப்பிய செபுலாஷ் ரொட்டி.
நான் எண்களைப் படிக்க அவன் கூட்டினான்.
என் விரலெல்லாம் மை.
பார்த்தான்,
ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டி
என் வாயில் திணித்தான்.
ஆறு வயதுக்குப் பின் யாரும் எனக்கு ஊட்டியதில்லை.
மென்றேன், வேறென்ன செய்வது.
"ஒரு வாயோடு நிறுத்தினால் சண்டை வரும்"
என்று இன்னொன்றும் வந்தது.
ஓல்கியெர்ட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதினோராம் வரியில் நின்றோம்.
1.432. அதன்மேல் ஒரு கோடு.
கோட்டின்மேல் 1.482.
என் கையெழுத்து.

"நான் இப்படிச் சொல்லவில்லையே."
"நீதானே பதறினாய்?"
"எப்போது?"
"எண்ணைத் திருப்பிச் சொல்லி, சரியா என்றேன்.
ஹ் என்று மூச்சை உள்ளே இழுத்தாய்.
ஏதோ தப்பென்று நானே குனிந்து பார்த்தேன்.
காற்று, கண்ணில் நீர்.
ஐந்து கட்டம் தவறியிருப்பேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு,
"ஹ்."
"இதேதான்!"
"இது ஆமாம், இம்ஷிச்சிவுய்.
எங்கள் பக்கம் ஆமாமை
உள்ளே இழுத்துத்தான் சொல்வோம்."

மற்ற பதினேழு முறையும்
எங்கள் மொழியில் 'தாக்' என்றிருக்கிறான்.
அந்த ஒருமுறை, குளிரில், களைப்பில்,
பிறந்த ஊரின் ஆமாம் வந்துவிட்டது.
நான் அதை அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

ரொட்டி ஆறிப்போயிற்று.
அக்டோபரில் ஒரு மாலை டிராம் நிறுத்தத்தில்
இங்கே தனியாக இருக்கிறதா என்று கேட்டேன்.
ஹ் என்றான்.
கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனென்று
அவசரமாகக் கால்பந்தைப் பற்றிப் பேசினேன்.
டிராம் வரும்வரை பேசினேன்.
அவனும் நல்ல பையனாகத் தலையாட்டினான்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
கூட்டலை மறுபடி போட்டோம்.
சுழி வந்தது.

ஸ்கோவ்ரோன் மூன்றரை மதிப்பெண் போட்டார்.
"அழிக்காமல் கோடிட்டு அடித்தீர்கள், நல்லது.
ஏன் அடித்தீர்கள் என்று எழுதவில்லையே?"
காரணம் எழுதும் கட்டம் என் நகத்தளவு.
'காற்று' என்று எழுதிக்கொடுத்தேன்.
பாதி உண்மை.

ஈஸ்டருக்கு சமோஷ்ச், வீடு.
அம்மா ஜூரெக் சூப்போடு நிற்கிறாள்.
இன்னும் ஊற்றவா என்கிறாள்.
"ஹ்."
கரண்டி அந்தரத்தில் நிற்கிறது.
"என்னடா, சுட்டுவிட்டதா?"