அடுத்தது

பொத்தானை அழுத்துவது என் வேலை.
லம்சிரா "அடுத்தது" என்பாள், நான் அழுத்துவேன்.
குத்தாய்சியிலிருந்து நாலரை மணி நேரம்
ஜீப்பை ஓட்டி வந்தவனும் நானே.
பள்ளிக்கூட ஜன்னல்களில் திரைக்குப் பதிலாக
உருளைக்கிழங்குச் சாக்குகளைத் தொங்கவிட்டவனும் நானே.

முப்பத்தெட்டு ஸ்லைடு.
முதலாவதில் துறையின் முத்திரை, அமைச்சகத்தின் முத்திரை,
பணம் தந்தவர்களின் ஏழு முத்திரை.
இரண்டாவதில் பொருளடக்கம்.
அதை அவள் வாய்விட்டு வாசித்தாள்.
அவர்களோ அவளுக்கு முன்பே வாசித்து முடித்துவிட்டு
அவள் வந்து சேரட்டும் என்று
மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

அடுத்தது.
மண்ணின் ஈரம், மாதவாரியாக,
ஆறு நிறத்தில் ஆறு கோடு.
ஊதாவுக்கும் கருநீலத்துக்கும் நடுவே
எங்கள் மூன்று வருடம் இருந்தது.
முன்வரிசை த்ஸியாலா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
மறுபடி பார்த்துவிட்டுப் பக்கத்துக்காரியிடம் சொன்னாள்:
"ஸ்வெட்டருக்கு நல்ல டிசைன்."

அடுத்தது.
லம்சிரா சுவரைப் பார்த்தே பேசினாள்.
மலை இறங்கப்போகிறது என்ற சேதியை
ஊருக்கு அவளுடைய பிடரி சொல்லிக்கொண்டிருந்தது.
கையிலிருந்த லேசர் புள்ளி
எண்களின் மேல் ஈயாக அலைந்தது;
எங்கே உட்கார்வது என்று அதற்கும் தெரியவில்லை.

அடுத்தது.
விரிசலின் குறுக்கே நாங்கள் கட்டியிருந்த கம்பி
ஆகஸ்டில் அறுந்தது. அந்தத் துண்டை எடுத்து
முதல் வரிசையில் கொடுத்தாள்.
அது போன வழியெல்லாம் தலைகள் குனிந்தன.
குனிந்த தலைகளுக்கு மேலே
அவள் சொன்ன நாற்பத்தொன்று சென்டிமீட்டர்
யார் காதிலும் இறங்காமல் பறந்துபோயிற்று.
கம்பி திரும்பி வந்தபோது
யாரோ அதைக் கோட்டு மாட்டும் கொக்கியாக வளைத்திருந்தார்கள்.

அடுத்தது.
பத்தொன்பதாவது.
டிரோன் மேலே நின்று எடுத்த ஊர்.
மேற்பாதியில் ஒரு சிவப்புக் கோடு,
முந்தின இரவு அவள் இழுத்தது, நூலைவிட மெல்லியது.

அறைக்கு உயிர் வந்தது.
"அதோ என் வேலி!"
"யாரோட துணி காயுது அங்கே?"
"ஓத்தியா, உன் செவலைப் பசு என் சோளத்துல நிக்குது, பார்!
இல்லேன்னு சத்தியம் பண்ணினியே!"
பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"அடுத்தது" என்றாள் லம்சிரா.

நான் அழுத்தவில்லை.

"அடுத்தது."

ஏன் அழுத்தவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.
விரல் பொத்தான் மேல்தான் இருந்தது.
அவள் என்னைத் திட்டத் திரும்பினாள்.
திரும்பியவளின் கண்ணில் நான் படவில்லை,
அவர்கள் பட்டார்கள்.
நாற்பது முகம். எல்லாம் அவளுக்குப் பின்னால்
ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு.

லேசரை மேசையில் வைத்தாள்.
"உங்கள் வீட்டைக் காட்டுங்கள்" என்றாள்.

ஒவ்வொருவராக வெளிச்சத்துக்குள் வந்தார்கள்.
முதுகில் கூரைகள் விழுந்தன,
ஒருத்தியின் வெள்ளைச் சட்டையில் ரியோனி ஆறு ஓடியது.
கைநிழல்கள் தோட்டங்களை மூடின, திறந்தன.
ஓத்தியா பசுவை மறைத்துக்கொண்டு நின்றான்.

ஜும்பேர் கேட்டான்:
"இந்தச் சிவப்புக் கோடு என்ன?"

அந்த மாலையின் முதல் கேள்வி.
அதற்குப் பதினெட்டு ஸ்லைடு விடை வைத்திருந்தோம்.
அவள் ஒரே வாக்கியத்தில் சொன்னாள்:
"கோட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம்
பனி உருகும்போது ஆற்றில் இருக்கும்."

சில விரல்கள் மெல்ல மேலே நகர்ந்தன,
வீட்டையும் கூடவே நகர்த்திவிடலாம் என்பது போல.
ஜும்பேரின் விரல் தடிமன்.
கோடு அவன் நகத்தின் மேல் ஓடியது.
இடப்பக்கம் அடுப்படி, வலப்பக்கம் தொட்டில்
என்று யாரிடமோ சொன்னான்.

புரொஜெக்டரின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
பிறகு அவர்கள் பேசினார்கள், வெகுநேரம்,
அவளைப் பார்த்தும், ஒருவரையொருவர் பார்த்தும்.
மிச்சம் பத்தொன்பது ஸ்லைடை யாரும் கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தேன்.
ஊர் போய்விட்டது. காரை பெயர்ந்த சுவர்.
ஜும்பேரின் விரல் மட்டும்
அதே இடத்தில் ஊன்றியிருந்தது.