மூன்றாவது நகர்த்தல்

திருமங்கலத்தில் ஐந்தாவது ரவுண்டு.
கல்யாண மண்டபம். போன முகூர்த்தத்து மாப்பிள்ளை பெயர்
தெர்மோகோலில் பாதி உதிர்ந்து
'ராஜன்' மட்டும் மேடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கீழே நாற்பது பலகை, எண்பது பேர்,
ஒழுங்காகச் சுற்றும் ஒரே ஒரு ஃபேன்.

எனக்கு இருபத்திரண்டாம் பலகை. கறுப்பு.

உசிலம்பட்டியிலிருந்து வந்த பஸ்ஸில்
பிரெஞ்சு டிஃபன்ஸைப் பதினான்கு நகர்த்தல்வரை
கண்ணை மூடி ஓட்டிப் பார்த்திருந்தேன்.
சிந்துபட்டியில் கூட்டம் ஏறியபோது
எதிராளியின் ராணி உள்ளே புகுந்து
என் குதிரைப் பக்கத்துச் சிப்பாயை மென்றுகொண்டிருந்தாள்.
மெல்லட்டும். அதற்கும் பதில் இருந்தது.

இந்த ஓப்பனிங்கில் எனக்கென்று இருப்பது
சி-எட்டில் நிற்கும் மந்திரி.
சொந்தச் சிப்பாய்களே அவனுக்குச் சுவர்.
பதினோரு வருடப் பழக்கம்.
எப்படி வெளியே கொண்டுவருவது,
வராவிட்டால் எப்படிப் பொறுத்துக்கொள்வது
இரண்டும் தெரியும்.

எதிரே பிச்சைக்கனி, மேலூர்.
குவாரி லாரிகளுக்கு எடைமேடையில்
சீட்டுப் போடுகிறவராம்.
காதில் பேனா.

இ-நான்கு. இ-ஆறு.
டி-நான்கு. டி-ஐந்து.
மூன்றாவதில் வெட்டிவிட்டார்.
நானும் வெட்டினேன்.
சிப்பாய்க்குச் சிப்பாய், எடை சரி.

நிமிர்ந்தால்
மந்திரிக்கு முன்னால் ஆளே இல்லை.
எச்-மூன்றுவரை
கழுவிவிட்ட தெருவாகக் கிடக்கிறது வழி.

பன்னிரண்டு நிமிடம் தின்றேன்.
ஆர்பிட்டர் இரண்டு தரம் கடந்து போனார்.
கீழே பந்தியில் யாரோ அப்பளம் நொறுக்குகிறார்கள்,
இவ்வளவு சத்தமாகவா?

எஃப்-ஐந்தில் வைத்தேன். ஜி-நான்குக்கு இழுத்தேன்.
இ-ஆறில் ஒளித்தேன்.
இருபத்துமூன்றாவதில்
சி-எட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன்,
கதவு திறந்தே கிடக்க.

பிச்சைக்கனி என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
"டிராவா?"
கை கொடுத்தேன்.

"பிரெஞ்சுன்னா நமக்கு ஆகாதும்மா.
உள்ள என்னத்த வச்சு ஏத்தியிருக்காங்கன்னே தெரியாது.
அதான் மொதல்லயே எறக்கிப்புடுறது."

மூன்று மணிக்கு ஆறாவது ரவுண்டு. வெள்ளை.
வாடிப்பட்டி முபாரக் அலி,
அவரும் பிரெஞ்சுதானாம்.

தயிர்சாதத் தட்டின் ஓரத்தில்
விரலால் மூன்றாவது நகர்த்தலை ஆடிப் பார்த்தேன்.
வெட்டவில்லை.
இ-ஐந்துக்குத் தள்ளினேன்.
அவர் மந்திரி உள்ளேயே இருக்கட்டும்.