நிரம்பிய புட்டி

ஃபஹாஹீல். ஆகஸ்ட்.
இரவு பதினொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி கையைச் சுடுகிறது.
கூண்டின் மூலையில் சுண்டல்
முதுகை வளைத்துக் குந்துகிறது, எட்டாவது முறையாக.
ஒன்றும் வரவில்லை.
பிறகு ஒரு கீச்.
இப்படி ஒரு சத்தம் இந்த வெள்ளெலியிடம் இருந்ததே
எங்களுக்கு இன்றுதான் தெரியும்.

மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு
வெள்ளை டிஷ்யூ விரித்தேன்.
அரைமணியில் ஒரு பொட்டு,
ஓரம் மட்டும் சிவந்து.

நான் பார்க்கும் வேலையே இதுதான்.
கம்பெனி மெடிக்கலுக்கு வந்து நிற்பவர்களின்
முந்நூறு கோப்பைகள், தினமும்.
சைட்டிலிருந்து நேரே வந்தவருடையது
கட்டன்சாயா நிறத்தில் இருக்கும்.
பார்த்ததும் சொல்லிவிடுவேன்
எத்தனை மணிக்குக் கடைசியாகத் தண்ணீர் குடித்தாரென்று.

லஞ்ச் டப்பாவைக் கழுவித் துடைத்து
சுண்டலை அதில் இறக்கி
நானும் பிரிசில்லாவும் தரையில் காவல்.
நாற்பது நிமிடத்துக்கு ஒரு சொட்டு.
சட்டைப்பையில் வந்திருந்த ஒற்றை ஸ்ட்ரிப்பைத் தொட்டேன்.
ரத்தத்துக்கான கட்டம் பச்சையானது.
மற்றக் கட்டங்களும் ஏதேதோ நிறம் காட்டின.
எது சரி, எது கூடுதல்?
என்னிடம் இருப்பது மனிதர்களுக்கான அட்டவணை.

"பதினெட்டு தினாரா டாக்டருக்கு?
எலி வாங்கினதே மூணு தினார்" என்றார் செல்வின்.
சொல்லிக்கொண்டே கார் சாவியைத் தேடினார்.

டாக்டர் வஜீஹ் எகிப்துக்காரர்.
கட்டைவிரலால் அடிவயிற்றை
மாவு பதம் பார்ப்பதுபோல் பார்த்தார்.
எக்ஸ்ரேயில் சுண்டல் ஒரு கைப்பிடி முள்.
கல் இல்லை. மணல்.
மணலோடு கிருமி.
"வீட்டில் கிடக்கும் அமாக்ஸிசிலினைக் கொடுத்துவிடாதீர்கள்,
இதற்கு அது விஷம்" என்றார்.
என் கைப்பைக்குள் அந்த அட்டை இருந்தது.
வேறு மருந்து, வேளைக்கு ஒரு சொட்டு, பத்து நாள்.
வலிக்குத் தனியாக இன்னொன்று.
பிறகு கேட்டார்:
"தண்ணீர் குடிக்கிறதா?"

குடிக்கிறதே. புட்டி எப்போதும் நிறைய இருக்குமே
என்றாள் பிரிசில்லா.
சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து
குழாய் நுனியில் இருக்கும் இரும்புக் குண்டை விரலால் உருட்டினேன்.
உருளவில்லை.
உப்புப் படிந்து இறுகிவிட்டிருந்தது.
எத்தனை நாளாக நக்கிப் பார்த்ததோ!
வெள்ளரித் துண்டில் இருந்த ஈரம்தான்
அதை இதுவரை பிழைக்க வைத்திருக்கிறது.
நிரம்பிய புட்டியைப் பார்த்துப் பார்த்து
நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

இப்போது ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர்.
காலையும் இரவும் துண்டில் சுற்றி
வாயோரத்தில் சிரிஞ்சு.
துப்பும். கடிக்கும். பாதிதான் உள்ளே போகும்.
சமையலறைத் தராசில் நிறுத்துக்
காலண்டரில் எழுதுகிறாள் பிரிசில்லா:
நூற்றுநாலு. நூற்றிரண்டு. நூற்றிரண்டு. நூற்றாறு.
ஆறாம் நாள் டிஷ்யூவை முகத்துக்கு நேரே நீட்டினாள்.
"அம்மா, மஞ்சள்!"
வெறும் மஞ்சள்.
செல்வினை எழுப்பிக் காட்டினோம்.

இன்று வேலையில் ஒருவர்
காலிக் கோப்பையோடு திரும்பி வந்தார்.
வரமாட்டேங்குது மேடம் என்றார்,
குற்றம் செய்தவர்போல.
தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்,
அங்கே கூலர் இருக்கிறது என்று
வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.
கூலரின் மேல் கேன் முழுதாக இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு
எழுந்து போய்
குழாயை அழுத்திப் பார்த்தேன்.