சாக்கு

என் வானொலி அவருடைய டிவியைவிட
எட்டு நொடி முந்தி.
அதனால் எல்லாமே எனக்கு முதலில் தெரிந்துவிடும்.
பந்து வேலிக்கு வெளியே போனது,
ஷார்ட்ஸ்டாப் கைநழுவ விட்டது.
வாயைத் திறக்கமாட்டேன்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அவருக்கும் அது நடந்து முடியட்டும் என்று இருப்பேன்.
பிறகு மிலோஷ் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார்,
அல்லது மூச்சை விடுவார்.

என் அக்கா ட்ரூடி அவரைத் தலைமுழுகிவிட்டு
டூசானுக்குப் போய்ப் பதினோரு வருடம்.
அங்கே அவளுக்கு நீச்சல்குளம், கள்ளிச்செடிகள்,
பல் மருத்துவர் ஒருவர்.
நான் இன்னும் கிளீவ்லாந்தில்,
பஸ் டிப்போவில் இரவு ஷிப்ட்.
மிலோஷும் இதே ஊரில், ஏழு தெரு தள்ளி.
அவர் எனக்கு இப்போது என்ன முறை
என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.
கேட்பாரும் இல்லை.
ஏப்ரல் பிறந்தால் போன் வரும்:
"பெர்னி, அந்த இடதுகைப் பையன் தேறுவானா?"
ஹலோ கிடையாது.
எப்படியிருக்கிறாய் கிடையாது.

ஒருமுறை, ஜூனில், மழைக்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள்.
ஐம்பது நிமிடம்.
அவர் டிவியில் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நாய்க்குத் தட்டு வைத்தார்.
நான் கால் நகம் வெட்டினேன்.
பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை.
ட்ரூடிக்கு இதில் ஒன்றும் தெரியாது.
தெரிவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நூற்று அறுபத்திரண்டாவது ஆட்டம்.
ஆகஸ்ட்டிலேயே எங்கள் சோலி முடிந்திருந்தது.
மற்ற ஊர்களுக்குத்தான் அக்டோபர்.
எங்களுக்கு ஏரியிலிருந்து வரும் காற்று.
ஆனாலும் ஒன்பதாவது இன்னிங்ஸில்,
இரண்டு பேர் அவுட்டான பிறகு,
புதுப் பையன் ஒருவன் மூன்றாவது பேஸ்வரை வந்துவிட்டான்.
வீடு தொட இன்னும் தொண்ணூறு அடி.
அவன் தொட்டிருந்தாலும் ஆறு ரன் குறைவுதான்.
வானொலிக்காரர் குரலை உயர்த்தினார், பழக்கதோஷம்.

அடுத்தவன் மட்டையை அசைக்கவே இல்லை.
மூன்றாவது ஸ்ட்ரைக் தாண்டிப் போவதை
வேறு ஊர் பஸ் போவதுபோலப் பார்த்து நின்றானாம்.

எனக்கு முடிந்துவிட்டது.
அவருக்கு இன்னும் எட்டு நொடி.

அந்த எட்டு நொடியில்
மிலோஷ் நாற்காலி நுனிக்கு வருவது கேட்டது.
"வா, வா, வாடா" என்றார்,
அறுபத்தெட்டு வயது மனிதர்,
போனில் நான் இருப்பதையே மறந்து.
இழவுத் தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல்
நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அவருக்கும் வந்தது.
கெட்ட வார்த்தை இல்லை. மூச்சும் இல்லை.
அவர் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்.
கொஞ்சம் கழித்து என் வீட்டு ஃபிரிட்ஜ்.

"அந்த மூன்றாவது பேஸ் பையன்
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
அங்கேயே நிற்கிறான், பெர்னி.
யாரும் கூப்பிடவில்லை அவனை."
"வந்துவிடுவான்."
"ம்."
"பிப்ரவரியில் பிட்சர்கள் பயிற்சிக்கு வருவார்கள்."
"ம்."
யார் முதலில் போனை வைத்தோம், தெரியவில்லை.

செவ்வாய் மாலை ஏழு மணிக்குக்
கை தானாக வானொலியைத் திருப்பியது.
யாரோ வீட்டுக்கடன் வட்டி பற்றிப் பேசினார்கள்.
முழுக்கக் கேட்டேன்.

புதன்கிழமை கடைக்குப் போனேன்.
பனி விழ இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.
படிக்கட்டில் தூவும் உப்பு அதற்குள் வந்திறங்கி
வாசலில் அடுக்கியிருந்தார்கள்.
எனக்கு ஒரு சாக்கு போதும்.
இரண்டு வாங்கினேன்.

ஏழு தெரு. பின்சீட்டில் உப்பு.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது சொல்லிப்பார்த்தேன்:
"மிலோஷ், மலிவாகக் கிடைத்தது."
இன்னொரு முறை,
கொஞ்சம் அலட்சியமாக.